இலக்கம் இல்லாதவருக்கும் ஓர் இடம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து திரும்பிய பிறகு, கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு ஏறத்தாழ இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் தெரியாது. பிறந்த திகதி தெரியாது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்பதும் தெரியாது. அன்று சேர்க்கப்பட்டவர்களில் அது 81ஆவது என்பதால் பதிவில் 81 என்ற இலக்கம் விழுந்தது. ‘பேபி 81’ என்று உலகப் பத்திரிகைகள் எழுதியது இந்தக் குழந்தையைத்தான். ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. முறைப்படி கோரியவர்கள் ஒரே தம்பதியர்தான் என்பது பிறகு தெரியவந்தது. நீதிமன்ற உத்தரவின்பேரில் மரபணுப் பரிசோதனை நடந்தது. அவர்களே பெற்றோர் என்று 2005 பெப்ரவரியில் உறுதியாகி, பிள்ளை அவர்கள் கைக்குப் போனது.

இந்தச் சம்பவத்தைத் தரவுத்தளம் அமைப்பவரின் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தக் குழந்தையின் பதிவில் ஏறக்குறைய எல்லாப் புலங்களும் வெறுமை. இருந்தும் பதிவு எழுதப்பட்டது. வேறெந்தப் பிள்ளையின் பதிவோடும் அது கலந்துவிடவில்லை. அதற்குக் காரணம் 81 என்ற ஓர் இலக்கம்.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் பாலமுனையிலிருந்து ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று வடக்கே போனால் கல்முனை. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது இந்த மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்களில் பலருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் வீட்டோடு போயின. காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரண அமைப்புகளையும் பதிவுசெய்ய அந்த நாட்களிலேயே இலங்கைக் கணினித் துறைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு வழங்கியது. இலங்கை பெருமைப்பட வேண்டிய வேலை.

பேரிடர்ப் பதிவு எதையும் திணறடிக்கிற கேள்வி ஒன்று உண்டு: ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிடாமல் தடுப்பது எப்படி? இரண்டு தடவை எழுதினால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பங்கு போகும், இன்னொரு குடும்பத்துக்கு இல்லாமற்போகும். பெயரை நம்பமுடியாது. அம்பாறைக் கரையோர ஊர்களில் ஆதம்பாவா, மீராலெவ்வை, அலியார் என்ற பெயர்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! முதலெழுத்துகளும் ஒத்துப்போனால் ஆளை எப்படிப் பிரிப்பது? அதனால்தான் படிவம் தயாரிப்பவர் நேரே தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குப் போகிறார். அந்தப் புலத்தில் “ஒரு மதிப்பு ஒரு தடவைதான் வரலாம்” என்று கட்டுப்பாடு போடுகிறார். கணினி மொழியில் இதற்கு ‘யுனிக்’ கட்டுப்பாடு என்று பெயர்.

சரி, அட்டை இல்லாதவரை எங்கே எழுதுவது? சுனாமிக் காலத்தில் 16 வயதாகாத பிள்ளைக்கு அட்டையே கிடையாது. வெள்ளத்தில் அட்டையைத் தொலைத்த மூதாட்டிக்கு இலக்கம் இருக்கிறது, ஆனால் நினைவில் இல்லை.

ஒரு கற்பனைப் பதிவேட்டில் இதை நடத்திப் பார்ப்போம். பாலமுனையில் ஒரு சங்கம் நிவாரணப் பதிவைக் கணினியில் ஏற்றுகிறது. முதலில் வரும் மூதாட்டிக்கு அட்டை இல்லை. எழுதுபவர் அந்தப் பெட்டியைத் தொடாமல் விட்டு, சேமிக்கிறார். பதிவாகிறது. அடுத்து வருபவரிடமும் அட்டை இல்லை. சேமிக்கும்போது திரையில் சிவப்பு எழுத்து: “இந்த இலக்கம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.” எந்த இலக்கம்? அவர் எதையும் எழுதவில்லையே! நடந்தது இதுதான். படிவம் வெற்றுப் பெட்டியை ‘எழுத்தே இல்லாத ஒரு சொல்’ என்று சேமித்துவிட்டது. கணினிக்கு அதுவும் ஒரு மதிப்புத்தான். இரண்டாவது வெற்றுச் சொல் முதலாவதின் நகல்.

தரவுத்தளங்களில் இதற்கென்றே வேறொரு குறி இருக்கிறது. ‘நல்’ என்பார்கள். மதிப்பே இல்லை என்பதற்கான அடையாளம் அது. 1970இல் ஐபிஎம் ஆய்வகத்திலிருந்து அட்டவணை வடிவத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்ட எட்கர் கொட், இல்லாத மதிப்பைச் சுழியமாகவோ வெற்றுச் சொல்லாகவோ எழுதக்கூடாது, அதற்குத் தனியான, ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்று 1985இல் தம் பன்னிரண்டு விதிகளில் ஒன்றாகவே வைத்தார்.

அந்த ஏற்பாட்டின் தர்க்கம் எளியது. தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமமா என்று கேட்டால், ஆம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. அதனால் தரவுத்தளங்களோடு பேசப் பயன்படும் எஸ்கியூஎல் மொழி உண்மை, பொய் என்ற இரண்டோடு நிற்காமல் ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையையும் ஏற்கிறது. இரண்டு மதிப்புகள் சமம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே யுனிக் கட்டுப்பாடு மறுக்கும். ஆகவே அட்டை இலக்கம் ‘நல்’ ஆக உள்ள நூறு பேரையும் அது உள்ளே விடும். இலக்கம் உள்ளவர் இரண்டாம் தடவை வந்தால் நிறுத்தும். நிவாரணப் பதிவுக்கு வேண்டியது சரியாக இதுதான்.

எல்லாத் தரவுத்தள மென்பொருளும் இப்படி நடப்பதில்லை என்பதுதான் தொல்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் மூன்றும் மேற்சொன்ன வழியில் போகின்றன. மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் ஒரேயொரு ‘நல்’லைத்தான் விடும்; இரண்டாவதை மறுக்கும். அதில், இலக்கம் உள்ள பதிவுகளுக்கு மட்டும் கட்டுப்பாடு பொருந்தும்படி வடிகட்டிய சுட்டி ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதற்கு வசதி உண்டு. ஆரக்கிளோ வெற்றுச் சொல்லையே ‘நல்’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மென்பொருளில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது இடறுவது இங்கேதான்.

இனி இதன் மறுபக்கம். வெறுமை எப்போதும் ‘தெரியாது’ என்று பொருள்படுவதில்லை. அதே சங்கம் வீடுகளையும் பதிகிறது என்று வையுங்கள்: வீதிப் பெயர், வீட்டு இலக்கம், மாடி. மூன்றும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்பது கட்டுப்பாடு. மாடியில்லாத வீட்டுக்கு மூன்றாவது புலம் வெறுமை. இப்போது அதே வீதி, அதே இலக்கம், மாடி வெறுமை என்று ஒரே வீட்டை ஐந்து தடவை எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் வாய் திறக்காது. ஒரு புலம் ‘நல்’ ஆனதும் ஒப்பீடு முழுவதும் ‘தெரியாது’ ஆகிவிடுகிறது. ஆனால் இங்கே வெறுமை என்றால் மாடி இல்லை என்று திட்டமாகத் தெரியும். இந்த இரண்டு வெறுமைகளும் சமம்தான். இதற்காகவே 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு ‘நல்ஸ் நொட் டிஸ்டிங்க்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தது; அடுத்த ஆண்டு எஸ்கியூஎல் தரநிலையிலும் அது இடம்பிடித்தது. இருப்பது தெரியாத மதிப்பு, பொருந்தவே பொருந்தாத மதிப்பு என்று இரண்டு தனிக் குறிகள் வேண்டும் என்று கொட் 1990இல் தம் நூலில் கேட்டிருந்தார். மூதாட்டியின் தொலைந்த இலக்கம் முதல் வகை, பிள்ளையின் இல்லாத இலக்கம் இரண்டாம் வகை. எஸ்கியூஎல் இன்றுவரை இரண்டையும் ஒரே குறியால்தான் எழுதுகிறது.

இந்தச் சிக்கலுக்குள் போக விரும்பாதவர்கள் ஒரு குறுக்குவழி பிடிக்கிறார்கள். இலக்கம் இல்லையா, 000000000 என்று அடித்துவிடு. அடுத்தவருக்கு 111111111. இதைவிடக் கெட்ட பழக்கம் பதிவுத் தொழிலில் இல்லை. பொய் இலக்கம் பதிவேட்டுக்குள் மெய் இலக்கத்தைப் போலவே உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து எது எது என்று எவராலும் பிரிக்கமுடியாது. நிரப்பு மதிப்பும் மெய் மதிப்பும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: கலிபோர்னியாவில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் தம் காருக்கு ‘நல்’ என்ற சொல்லையே இலக்கத் தகடாகப் பெற்றார். தகட்டு இலக்கம் குறிக்கப்படாத யார் யாரோ செய்த போக்குவரத்துக் குற்றங்களின் தண்டப்பணம் அவர் பெயருக்கு வந்து குவிந்தது: பன்னிரண்டாயிரம் டொலருக்கு மேல். 2019இல் டெஃப்கொன் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அவரே இதை விவரித்தார்.

அட்டை இலக்கம் கையில் இருந்தாலும் காவல் முழுமையாகாது. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள்; ஜனவரி 10இல் பிறந்த பெண்ணுக்கு 510. 2016 முதல் பன்னிரண்டு எண் இலக்கம் வந்தது. ஆண்டு நான்கு எண்ணாக விரிந்தது. பழைய அட்டையோடு ஒரு தடவையும் புதிய அட்டையோடு இன்னொரு தடவையும் ஒரே ஆள் வந்தால், கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துக்கோவை. பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால்தான் கட்டுப்பாடு வேலை செய்யும். ஆண்டுக்கு முன்னால் 19, நாளைக் குறிக்கும் மூன்று எண்ணை அடுத்து ஒரு சுழியம், கடைசி எழுத்தை நீக்கு. சில வரி நிரலில் முடிகிற காரியம்.

பள்ளிவாசல், மரண உதவிச் சங்கம், பாடசாலை, பிரதேச செயலகம் என்று எங்கே பதிவேட்டைக் கணினிக்கு மாற்றினாலும் கவனிக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு பதிவுக்கும் எவருடைய அட்டையையும் சாராத ஓர் இலக்கத்தைக் கணினியே கொடுக்கட்டும்; பதிவை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி அதுவாக இருக்கட்டும். அட்டை இலக்கப் புலத்தைக் கட்டாயமாக்காதீர்கள். எழுதாத பெட்டி ‘நல்’ ஆகவே சேமிக்கப்படுகிறதா என்று இரண்டு வெற்றுப் பதிவுகளை ஏற்றிச் சோதியுங்கள். ஏன் வெறுமை என்பதைத் தனிப் புலத்தில் எழுதுங்கள்: வயதாகவில்லை, தொலைந்தது, கேட்கவில்லை. இலக்கமில்லாதவர்களின் பட்டியலை அச்சிட்டு, ஊரை அறிந்த கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டை இல்லை என்ற காரணத்துக்காக எவரையும் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள்.