ஆகாயத்தில் ஒரு மணி நேரம்

விருதுநகர்ச் சீமையில் ஜனங்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு நெடுங்காலமாக இரண்டு காரணங்களே இருந்து வந்தன. ஒன்று மழை, மற்றொன்று வாணம். மழை எங்கள் கரிசல் பூமிக்கு எப்போதாவது வரும் விருந்தாளி. வாணமோ எங்கள் வீட்டுப் பிள்ளை. தேசத்தில் தீபாவளியன்று வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பகுதி சிவகாசி வட்டாரத்தில் உற்பத்தியாவது என்பதை நேயர்கள் அறிவார்கள். ஊருக்கெல்லாம் ஆகாயத்தை அலங்கரித்துக் கொடுக்கும் கைகள் எங்களுடையவை. ஆனால் அந்த ஆகாயத்தினுள் ஏறிச் சென்று பார்க்கும் பாக்கியம் அக்கைகளுக்கு உரியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

2019-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் நாம் முதன்முதலாக விமானத்தில் ஏறினோம். நம்முடன் ஏறியவர்கள் நம் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புச் சிறுமிகள் பன்னிருவர், துணைக்கு வந்த தாய்மார் இருவர். பழைய மாணவர் சிலர் பொருள் திரட்டிக் கொடுத்தபடியால் மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம், திரும்பி வர ரயில் என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒரு மணி நேரப் பிரயாணத்தின் நினைவுகளையே இங்கு எழுத முற்பட்டோம்.

சுதேசக் கப்பலும் சுதேச விமானமும்

பிரயாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வகுப்பில் விமானத்தின் சரித்திரத்தைச் சொல்லி வந்தோம். வெறும் வேடிக்கையாக மட்டும் அது முடிந்துவிடக் கூடாதென்பது நம் எண்ணம்.

எங்கள் ஜில்லாவுக்கு அடுத்த தூத்துக்குடியில் 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். கொழும்புக்குப் போவதற்குக்கூட அந்நியன் கப்பலையே நாம் நம்பியிருப்பதா என்ற ஆத்திரத்தில் பிறந்தது அந்தக் கம்பெனி. அன்னிய சர்க்கார் அதை நசுக்கிற்று; பிள்ளையவர்களைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது. ஆயினும் பிரயாண சாதனம் நம் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நசுக்க முடியவில்லை.

விமானக் கதையும் நம் மாகாணத்துக்கு அன்னியமானதன்று. 1910-ல் சென்னையில் ஹோட்டல் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்னும் கனவான், தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டுச் சிம்ஸன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்துப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து ஏழு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.

1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா தபால் மூட்டையுடன் ஒரு சிறு விமானத்தைக் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டு சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ஸென்ட். ஆமதாபாத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில்! இதைக் கேட்டதும் சிறுமிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் மாட்டு வண்டி இன்னமும் முற்றிலும் மறையவில்லை. ஆகவே விமானமும் அவ்வளவு எட்டாத வஸ்துவன்று என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1938-ல் அந்த மார்க்கம் திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. 1948 ஜூன் 8-ந் தேதி, சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்குள், பாரத தேசத்தின் விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. "மலபார் பிரின்ஸஸ்" என்பது அதன் பெயர்.

கைகளின் பரீட்சை

துணைக்கு வந்த தாய்மாரில் ஒருவர் பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை செய்பவர். பல வருஷத் தொழில். விமானத்தில் பட்டாசு, தீப்பெட்டி முதலியவற்றுக்கு இடமில்லை என்று நாம் முன்னமேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். எங்கள் ஜில்லாவின் பிரதான சரக்குகளே அவைதாம் என்பது வேறு விஷயம். அந்த அம்மாளுக்கோ அதைவிடப் பெரிய கவலை ஒன்றிருந்தது. அதை அவர் நம்மிடம் தனியாக வந்து சொன்னார்.

"ஸார், ஆலை மருந்து கையோடவே ஊறிப் போச்சு. அங்கே ஏதோ யந்திரம் வச்சுக் கையைச் சோதிப்பாங்களாமே? என்னை மறிச்சுப்புட்டாங்கன்னா இத்தனை பிள்ளைகளோட பிரயாணமும் கெட்டுப் போகுமே! நான் வரலை ஸார்" என்றார்.

"வேலை செய்து பிழைப்பது குற்றமில்லை அம்மா. கேட்டால் நாம் பதில் சொல்லிக்கொள்வோம். நீங்கள் வரத்தான் வேண்டும்" என்றோம். இப்படிச் சொன்னோமேயன்றி நமக்கும் சிறிது கலக்கந்தான். அவர் மூன்று நாள் வேலைக்குப் போகாமல், புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைகளைக் கழுவியிருந்தார்.

மதுரை விமான நிலையம் இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1942-ல் பிரிட்டிஷ் விமானப் படைக்காக ஏற்பட்ட தளம். இன்று நிற்கும் புதிய கட்டிடம் 2010-ல் திறக்கப்பட்டது. அதன் பளபளக்கும் தரையில் சிறுமிகள் வழுக்கி விடுவோமோ என்று அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். பெட்டிகள் கதிர் யந்திரத்தினுள் புகுந்து வெளிவந்தன. பிறகு ஒரு பெண் உத்தியோகஸ்தர், வரிசையில் நின்றவர்களில் சிலரை மட்டும் அழைத்து, ஒரு சிறு பட்டையால் கையைத் துடைத்து யந்திரத்தில் செருகிப் பார்த்தார். அந்தச் சிலருள் நம் அம்மாளும் ஒருவர்!

அவர் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்ற காட்சி இன்னமும் நம் கண்முன் நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதியின் வாயைப் பார்ப்பது போல அவர் யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யந்திரம் மௌனமாக இருந்தது. உத்தியோகஸ்தர் புன்னகையுடன் "போகலாம் அம்மா" என்றார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; அவருடைய மகள் ஓடி வந்து அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

வாணமும் விமானமும்

விமானம் ஓடுபாதையின் கோடியில் ஒரு கணம் நின்றது. பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்தது. முதுகை யாரோ ஆசனத்தோடு வைத்து அழுத்துவது போலிருந்தது. தடதடவென்ற ஓசை சட்டென்று நின்றது, பூமி நழுவிற்று. ஒரு சிறுமி, "ஸார், வாணம் மாதிரியே இருக்கு!" என்று கத்தினாள்.

சிவகாசிப் பெண்ணல்லவா! அவள் சொன்னது உவமை மட்டுமன்று, சாஸ்திர உண்மையும் ஆகும். வாணத்தினுள் கரி, கந்தகம், வெடியுப்பு ஆகியவை கலந்த மருந்து எரிந்து, வாயுவாகிக் கீழ்நோக்கிச் சீறுகிறது. வாணம் மேல்நோக்கிப் பாய்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்று நியூட்டன் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஜெட் விமானமும் அவ்வாறே காற்றைப் பின்னால் தள்ளித் தான் முன்னால் செல்கிறது. பேதம் என்னவெனில், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வாணம் தன் வெடியுப்பிலேயே கட்டிக்கொண்டு போகிறது. விமானமோ அதை வழியிலுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயை எரிக்கிறது. காற்றே இல்லாத சந்திர மண்டலத்துக்கு வாணத்தின் வம்சத்தைச் சேர்ந்த ராக்கெட்தான் போக முடியும். விமானம் போக முடியாது. இன்னொரு பேதமும் உண்டு. வாணம் திரும்பி வருவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. விமானமோ திரும்ப இறங்குவதற்காகவே ஏறுகிறது.

உயர ஏற ஏறச் சிலருக்குக் காது அடைத்துக்கொண்டது. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. விமானத்தினுள் காற்றைச் செறித்து வைத்திருந்தாலும், அது தரையிலுள்ள அளவுக்கு இராது. செவிப்பறைக்கு உட்புறமும் வெளிப்புறமும் அழுத்தம் சமமாகும்வரை அடைப்பு இருக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். இதற்கென்றே பையில் கொண்டு போயிருந்த கடலை மிட்டாய் நன்கு பயன்பட்டது!

கீழே தெரிந்த பூமி

மார்கழி மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் போல் மின்னின. கரையில் நின்று பார்க்கும்போது ஒவ்வொன்றும் தனிக் கண்மாய். மேலிருந்து பார்த்தால் ஒன்றின் மறுகால் மற்றொன்றுக்கு ஊட்ட, சங்கிலிபோல் தொடர்ந்து செல்லும் ஒரே ஏற்பாடு என்பது விளங்குகிறது. விமானம் இல்லாத காலத்தில், நிலத்தின் வாட்டத்தை அடியால் அளந்தே இதை அமைத்த முன்னோரின் மதியை என்னென்பது! யானைமலை உண்மையாகவே படுத்திருக்கும் ஒரு சிறு யானையாகத் தோன்றிற்று. திருச்சியருகே காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கத்தை ஒரு தீவாக ஏந்தி நிற்பதைப் பார்த்ததும், பூகோள பாடத்தில் எத்தனை முறை சொல்லியும் விளங்காதது சிறுமிகளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

முதலில் தாய்க்கு

நம் நினைவில் மிக ஆழமாகப் பதிந்தது இவற்றில் எதுவுமன்று. விமானம் புறப்படுமுன் பணிப்பெண் நடைபாதையில் நின்று, ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவற்றை அபிநயத்துடன் காட்டினாள். பழகிய பிரயாணிகள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டாசு ஆலை அம்மாள் மட்டும் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிராணவாயு முகமூடியை முதலில் தாம் அணிந்துகொண்டு, பிறகே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் அவர் நம் பக்கம் திரும்பினார்.

"இதென்ன ஸார், பெத்தவ முதல்லே போட்டுக்கிட்டு, பிள்ளைக்கு அப்புறமா?" என்று கேட்டார்.

அவ்வளவு உயரத்தில் காற்றுக் குறைந்தால் சிறிது நேரத்திலேயே நினைவு தப்பிவிடும் என்றும், தாய் மயங்கி விழுந்தால் குழந்தையைக் காப்பாற்ற ஆளில்லை என்றும் விளக்கினோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். "வாஸ்தவந்தான்" என்றார். பின்பு, "தினந்தோறும் இப்படிச் சொல்லுவாங்களா ஸார்? ஒண்ணும் நடக்காட்டியும்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்கள்" என்றோம்.

"எங்களுக்கும் இப்படித் தினம் ஒருத்தர் சொன்னா நல்லா இருக்கும்" என்றார் அவர்.

இந்த வார்த்தையை நம்மால் மறக்க முடியவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை பெரிய விபத்துக்கள். ஓரிருவர், நால்வர் என்று உயிரிழக்கும் சிறு விபத்துக்கள் ஆண்டு தவறாமல் நேர்ந்து வருகின்றன. சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கலாகாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. ஆனால் தீபாவளி நெருங்கும் அவசரத்தில், கூலியும் லாபமும் கூடும் காலத்தில், விதி ஏட்டோடு நின்றுவிடுகிறது.

ஆகாயத் தொழிலும் ஆபத்தான தொழில்தான். 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் விழுந்த விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவர் நீங்கலாக அனைவரும் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அத்தொழில் தன் துக்கத்தை வீணாக்குவதில்லை. கறுப்புப் பெட்டி என்ற பெயருடைய, ஆனால் செம்மஞ்சள் வர்ணமுள்ள கருவியைத் தேடி எடுத்து, கடைசி நிமிஷத்தில் நேர்ந்ததை ஆராய்கிறார்கள். ஆமதாபாத் விபத்துக்குப் பின் ஒரு மாத காலத்திலேயே முதல் அறிக்கை வெளியாயிற்று. 1944-ல் சிகாகோவில் பல தேசத்தார் கூடிச் செய்த உடன்படிக்கையின் வழிவந்த விதிப்படி, இந்த ஆராய்ச்சியின் நோக்கம் யாரையும் தண்டிப்பதன்று. அதே விபத்து மறுபடியும் நேராமல் தடுப்பதே. ஓரிடத்தில் கற்ற பாடம் உலகெங்குமுள்ள விமானங்களுக்கு விதியாகிறது.

பட்டாசுத் தொழிலில் விபத்து நேர்ந்தால் என்ன நடக்கிறது? வழக்கும் நஷ்ட ஈடும் உண்டு; சில நாள் பத்திரிகைச் செய்தி உண்டு. ஆனால் ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதி, ஒவ்வோர் ஆலையிலும் காலைதோறும் வாசித்துக் காட்டும் வழக்கம் உண்டா? வேலை தொடங்குமுன் ஐந்து நிமிஷம் போதும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, வானம் பார்த்த ஊருக்குப் பிழைப்பைத் தேடிக் கொடுத்தார்கள். தொலைவிலிருந்து வித்தையைக் கற்றுவருவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. இந்த வித்தையை அருகிலுள்ள விமானத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

செங்கற்பட்டு ஏரிகளைத் தாண்டி, தூரத்தில் கடல் நீலக்கோடாகத் தோன்ற, விமானம் சென்னையில் இறங்கிற்று. அங்கே உள்நாட்டு விமான முனையத்துக்குக் காமராஜரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1903-ல் விருதுபட்டியில் பிறந்து, இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட நேர்ந்து, பிற்காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தையும் மதிய உணவையும் அளித்தவரல்லவா? சிறுமிகள் பலகையைப் படித்து, "நம்ம ஊர் ஐயா பேரு!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அன்றிரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்தை இரா முழுவதும் கடந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

பாரத தேசத்தில் இன்று விமானிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் பெண்கள். அந்தப் பன்னிருவரில் ஒருத்தியேனும் விமானம் ஓட்டுவாளா என்பது காலத்தின் கையில் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய தாய்மார் மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டியது நம் கையில் இருக்கிறது. தாய்க்கு முதலில், பிறகு பிள்ளைக்கு என்பது ஆகாயத்தின் விதி. பூமியிலும் அதுவே விதியாக வேண்டும்.