மழையில் தெரியும் கைப்பக்குவம்

மழை பெய்யும்போது ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுப்பதே பாவம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே காரை, அதே மழையில், வளைத்து வளைத்து ஓட்டுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து போகிறவர்களும் உண்டு. ‘ஆட்டோகிராஸ்’ விளையாட்டில் ஊறியவர்கள் இவர்கள். “இது என்ன வேண்டாத வேலை?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் மழைநாளில் காரோட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த விளையாட்டில் ஒரு பாடம் இருக்கிறது.

கூம்புகளுக்கு நடுவே ஒரு நிமிடம்

ஆட்டோகிராஸுக்குப் பெரிய பந்தயத் தடம் தேவையில்லை. அகலமான கார் நிறுத்துமிடமோ, பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுபாதையோ போதும். அங்கே ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, நெளிந்து செல்லும் பாதை ஒன்றை அமைக்கிறார்கள். கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்ட வேண்டும், கடிகாரம்தான் எதிராளி. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டம் முடியும். வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டாது.

1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கழகம் இந்தப் போட்டிகளை நடத்தும் முக்கிய அமைப்புகளில் ஒன்று. அதன் விதிப்படி, ஒரு கூம்பைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு 2 வினாடி கூட்டப்படும். ஆளுக்குச் சில வாய்ப்புகள் தருவார்கள். அவற்றில் சிறந்த நேரமே கணக்கு. நம் நாட்டு இளைஞர்களுக்குப் பழக்கமான ‘ஜிம்கானா’ இதற்கு நெருங்கிய சொந்தம்.

வெயில் நாளில் குதிரைத்திறன் கூடிய கார், விலையுயர்ந்த டயர் போன்றவை வேலை செய்யும். மழை வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. 300 குதிரைத்திறன் இருந்தாலும் அதைத் தரையில் இறக்க டயருக்குப் பிடிப்பு வேண்டுமே! அதனால்தான் மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எடை குறைந்த சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களும், நம் ஊர் மைவி போன்ற முன்சக்கர இயக்கக் கார்களும் ஈரத்தில் பெரிய கார்களுக்குத் தண்ணி காட்டுகின்றன.

பிடிப்பு என்னும் சேமிப்பு

டயர் தரையைப் பற்றும் பிடிப்பை வங்கிச் சேமிப்பு போல நினைத்துக்கொள்ளலாம். பிரேக் போடுவது, திரும்புவது, வேகம் கூட்டுவது ஆகிய மூன்று செலவுகளும் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. காய்ந்த தரையில் கையிருப்பு தாராளம். ஈரத்தில் அது சுருங்கிவிடுகிறது.

எவ்வளவு சுருங்குகிறது? மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிய வளைவை இனி 49 கிலோமீட்டர் வேகத்தில்தான் சுற்ற முடியும். 18 மீட்டரில் நின்ற கார், நிற்பதற்கு 27 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இடையில் உள்ள 9 மீட்டர், இரண்டு கார்களின் நீளம். சாலையில் அந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளோ பள்ளிப் பிள்ளையோ இருக்கலாம்.

ஆகவே, ஈரத்தில் ஓட்டுபவர்கள் முதலில் கற்கும் பாடம், ஒரு நேரத்தில் ஒரு வேலை. வளைவுக்கு முன்பே நேராகப் பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும். பிறகு திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகே எண்ணெயை மிதிக்க வேண்டும். அதையும் மெல்ல, பாதத்துக்கும் மிதிக்கும் நடுவில் ஒரு முட்டை இருப்பதுபோல.

பயம் வந்தால் கால் செய்யும் காரியம்

பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார் ஈரத்தில் காட்டும் குணம் தனி. வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் வழுக்கி வெளியே வரும். அந்த நொடியில் மனித உடல் தானாக ஒன்றைச் செய்யும்: பயந்து காலைச் சட்டென்று எடுக்கும், அல்லது பிரேக்கை ஓங்கி மிதிக்கும். இரண்டுமே ஆபத்து. காரின் எடை முழுவதும் முன்பக்கம் சாய, பின்சக்கரங்கள் மேலும் லேசாகி, கார் பம்பரமாகச் சுற்றிவிடும்.

செய்ய வேண்டியது வேறு. பார்வையைப் போக வேண்டிய திசையில் வைத்து, வழுக்கும் பக்கமாக ஸ்டியரிங்கை அளவோடு திருப்பி, காலை மெதுவாகத் தளர்த்த வேண்டும். கார் கையை மீறிச் சுழன்றே விட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து நிறுத்த வேண்டும். படிக்க எளிது. ஆனால் அரை வினாடியில் இதை யோசித்துச் செய்ய யாராலும் முடியாது. உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தை நெடுஞ்சாலையில் பெற முடியுமா? அங்கே முதல் வழுக்கலே கடைசி வழுக்கலாகிவிடலாம். நனைந்த திடலிலோ 40, 50 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் வழுக்கும். சுழன்றால் விழுவது நாலு கூம்பு. அவற்றை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் முயலலாம்.

ஒரு மழைநாள் போட்டி

போட்டி நாளில் முதல் வேலை நடப்பது. காரில் ஏறும் முன் எல்லாரும் பாதை முழுவதையும் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை இருக்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வார்கள். சாயம் பூசிய கோடு நனைந்தால் சோப்புப் போட்டதுபோல வழுக்கும்.

அடுத்தது காரைக் காலி செய்வது. கால்விரிப்பு, தண்ணீர்ப் புட்டி, குடை என உருளக்கூடிய பொருள் எல்லாமே வெளியே வந்து ஒரு தார்ப்பாயின் கீழ் போய்விடும். பிறகு தலைக்கவசம். ஏறும் முன் காலணியின் அடிப்பகுதியை ஒரு துணியால் துடைப்பார்கள். ஈரக் காலணி பிரேக்கிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தலைக்கவசத்துக்குள் விடும் மூச்சே கண்ணாடியில் பனியாகப் படியும் என்பதால் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓட்டி முடித்தவர் வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. மழைச் சட்டை போட்டுக்கொண்டு திடலில் நின்று, மற்றவர்கள் தட்டிய கூம்புகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். மருத்துவரானாலும் மெக்கானிக்கானாலும் இதில் விலக்கு இல்லை. ஒரே காரைக் கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவதும் வழக்கம். யார் கை மென்மையானது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும்; வீட்டில் அது பற்றி ஒரு வாரம் பேச்சு ஓடும்!

நம் வானம், நம் சாலை

மழைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை. மலேசியாவில் மாலை நேர இடிமழை அன்றாடக் கதை. 2009-ஆம் ஆண்டு செப்பாங்கில் மாலை 5 மணிக்குத் தொடங்கிய பார்முலா 1 பந்தயம், 56 சுற்றுகளில் 31 சுற்றோடு மழையால் நிறுத்தப்பட்டது. உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களே போதும் என்று நிறுத்திய மழை அது. நாமோ அப்படிப்பட்ட மழையில் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து, தீபாவளிக்கு ஊர் போய்ச் சேர அவசரப்படுகிறோம்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். எல்லாமே மழையால் நேர்ந்தவை அல்ல. ஆனாலும் ஈரத்தில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒருமுறைகூட உணராமலேயே நாம் உரிமம் வாங்கிவிடுகிறோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்தை, அமெரிக்காவின் நாசா விமானச் சக்கரங்களுக்காக ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. அதன்படி 32 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அந்த வேகம் ஏறத்தாழ மணிக்கு 94 கிலோமீட்டர். காற்று 25 பிஎஸ்ஐக்கு இறங்கினால் 83. நம் நெடுஞ்சாலையின் வேக வரம்போ 110! டயரின் பள்ளம் தேய்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், மழைக்கு அது போதவே போதாது.

ஆர்வம் உள்ளவர்களுக்கு

கார் மோகம் பிடித்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால், திட்டி அடக்குவதைவிட முறையான திடலுக்கு அழைத்துப் போவது பலன் தரும். ஈப்போ மண்ணின் கரம்ஜிட் சிங், 2002-ஆம் ஆண்டு புரோட்டோன் காரில் உலக ராலி போட்டியின் உற்பத்தி வாகனப் பிரிவில் பட்டம் வென்றவர். அந்த வெற்றி முறையான போட்டியில் கிடைத்தது. நள்ளிரவுச் சாலைப் பந்தயத்தில் கிடைக்கவில்லை.

மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அனுமதி பெற்ற நிகழ்ச்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் முறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம். தினமும் ஓட்டும் காரே போதும். டயர், பிரேக், பேட்டரி பிடிமானம் ஆகியவற்றைச் சோதியுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வழக்கமான காப்புறுதி பந்தயத்தில் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட அனுமதி இருந்தால் விடாதீர்கள்.

அன்றைக்கு மழை பெய்தால் நிகழ்ச்சி கெட்டுப்போயிற்று என்று வருந்த வேண்டாம். பரிசுக் கோப்பை யாருக்கோ போகட்டும். அடுத்த முறை நெடுஞ்சாலையில் கார் லேசாக வழுக்கும்போது பதறாத கால் ஒன்று உங்கள் வீட்டுக்குக் கிடைத்திருக்கும்.