ஒரு வில்லை வானத்தை விரிப்பது எப்படி?

கேகாலையில் தெளிந்த இரவுகள் பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியோடு சரி. பிறகு மாலை இடிமழை, அதன் பின்னே தென்மேற்குப் பருவக்காற்று. வான்படம் எடுப்பவருக்கு இங்கே முதல் தட்டுப்பாடு நேரம்தான். அந்த மாதங்களில் ஓரியன் நெபுலா உச்சிக்கு ஏறத்தாழ 13 பாகை தெற்கே கடக்கிறது. அதைவிட வாய்ப்பான இடம் ஏது? ஆனால் அதன் அகலம் சுமார் 1 பாகை, இரண்டு முழுநிலா அளவு. பரவலாகப் பயன்படும் 8 அங்குல ஷ்மிட்-கசெக்ரெய்ன் தொலைகாட்டியின் குவியத் தூரமோ 2032 மி.மீ.; 23.5 மி.மீ. நீளக் கமெரா உணரியில் 0.66 பாகைதான் அடங்கும்.

கமெராவுக்கு முன்னால் 0.63 மடங்கு போக்கல் ரிடியூசரைப் பொருத்தினால், அந்தக் குவிவில்லைத் தொகுதி ஒளிக்கூம்பை இன்னும் விரைவாகக் குவிக்கிறது. குவியத் தூரம் 1280 மி.மீ. ஆகிறது; நீளவாட்டில் 1.05 பாகை அடங்குகிறது. பிம்பத்தின் பரப்பு சுருங்குவதால் ஒவ்வொரு பிக்சலுக்கும் சுமார் 2.5 மடங்கு ஒளி சேரும். 25 நிமிட வேலை 10 நிமிடத்தில் முடியும்.

தொலைகாட்டியின் ஆடி அதேதானே, புது ஒளி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெபுலாவிலிருந்து வரும் மொத்த ஒளி கூடவில்லை; குறைந்த பிக்சல்களில் குவிகிறது, அதற்கு விலையாக நுண்விபரம் குறைகிறது. அப்படியானால் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துக் கணக்கிட்டாலே போதாதா? பிரகாசம் கிடைக்கும், ஆனால் சட்டத்துக்கு வெளியே நின்ற வானம் உள்ளே வராது. கோள்களுக்கு இந்த வில்லை வீண். உணரி பெரிதானால் மூலைகள் இருளும். வில்லைக்கும் உணரிக்கும் இடையே இருக்க வேண்டிய சுமார் 105 மி.மீ. இடைவெளி தவறினால் ஓரத்து விண்மீன்கள் வால்முளைத்து நிற்கும்.