சாலையோரத் தடுப்பின் முனை: மோதலைத் தணிக்கும் அமைப்பு

நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் அலைவடிவ இரும்புத் தகடுகள் நீண்ட வேலிபோல் செல்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கட்டுப்பாட்டை இழந்த வாகனம் பள்ளத்தில் விழாமலும் மரத்தில் மோதாமலும் அதனைத் தாங்கி, மீண்டும் சாலையின் போக்கிலேயே திருப்பிவிடுவது அவற்றின் பணி. பக்கவாட்டில் மோதும் வாகனத்தை அவை பெரும்பாலும் காத்துவிடுகின்றன. ஆனால் தடுப்பு எங்கோ ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்? அந்த முனையில் வாகனம் நேராக மோதினால் நிலைமை வேறு. காப்பதற்கென வைத்த தடுப்பே எவ்வாறு காயப்படுத்தியது என்ற கேள்வி, அடிபட்டவரின் குடும்பத்தினர் மனத்தில் எழுவது இயல்பு.

ஈட்டியும் சரிவும்

தொடக்ககாலத் தடுப்புகளில் தகட்டின் முனை மொட்டையாகவே விடப்பட்டிருந்தது. நேராக மோதிய வாகனத்தின் முகப்பைத் துளைத்து, அது ஈட்டிபோல் உள்ளே புகுந்தது. இதனைத் தவிர்க்க, 1960களில் அமெரிக்காவில் முனையைத் தாழ்த்தித் தரையில் புதைக்கும் முறை பரவியது. ஈட்டியின் ஆபத்து நீங்கியது. ஆனால் அந்தச் சரிவின்மேல் ஏறிய வாகனங்கள் எழும்பிக் கவிழ்ந்தன.

1980களில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் வேறொரு வழியைக் கண்டனர். தகட்டின் முனையில் ஓர் இரும்புத் தலைப்பகுதியைப் பொருத்தினர். வாகனம் மோதும்போது அத்தலைப்பகுதி தகட்டின்மீது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதனுள் இருக்கும் குறுகிய வழியில் நுழையும் தகடு தட்டையாக நசுங்கி, நாடாபோல் சுருண்டு, போக்குவரத்து இல்லாத பக்கமாக வெளியேறுகிறது. இரும்பை நசுக்கி வளைப்பதிலேயே வாகனத்தின் ஆற்றல் செலவாகிவிடுகிறது.

முனையிலுள்ள கம்பங்களும் இதற்கேற்பவே அமைகின்றன. மரக் கம்பமாயின், தரைமட்டத்தருகே துளையிட்டு வலுக்குறைத்திருப்பார்கள். நேராக மோதும்போது அது எளிதில் முறிந்துவிடும். தகட்டை முதற்கம்பத்தின் அடியோடு இழுத்துப் பிடிக்கும் இரும்பு வடம் ஒன்றும் உண்டு. வாகனம் தடுப்பின் நடுப்பகுதியில் மோதினால், அவ்வடமே தகடு தளராமல் காக்கும். முனையில் மோதினாலோ, முதற்கம்பம் முறிந்ததும் வடம் விடுபட்டு வழிவிடும்.

உடலுக்கு இதனால் என்ன நன்மை?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 1 மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிட்டால், அதிலிருப்பவரின் உடல்மீது அவருடைய எடையைப்போல் சராசரியாக 39 மடங்கு விசை செயல்படும். அதே கார் 10 மீட்டர் தூரம் சென்று நின்றால், அவ்விசை ஏறத்தாழ 4 மடங்காகக் குறையும். மூளை, இதயப் பெருந்தமனி, கல்லீரல் போன்ற உறுப்புகள் திடீர் நிறுத்தத்தால் கிழியும் ஆபத்தும் அதற்கேற்பக் குறைகிறது. ஆனால் இப்பயன், காரோடு சேர்ந்து மெல்ல நிற்பவருக்கே கிடைக்கும். இருக்கைப்பட்டை அணியாதவரின் உடல், கார் வேகம் குறைந்த பின்னும் பழைய வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

வேகத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் உயர்வேகச் சாலைகளுக்கான முனைகள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கப்படுகின்றன. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மேலும், இவ்வமைப்புகள் கார் போன்ற வாகனங்களுக்கென உருவானவை. இருசக்கர வாகனத்தில் செல்வோருக்கு இரும்புத் தகடும் கம்பமும் ஆபத்தானவையே. அவர்களுக்குத் தலைக்கவசமும் மிதமான வேகமுமே காப்பு.

நாம் செய்யக்கூடியவை

இந்தியாவில் சாலைத் தடுப்புகளுக்கான வழிகாட்டு நெறிகளை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015இல் வெளியிட்டுள்ளது. ஒருமுறை மோதப்பட்ட முனை அடுத்த மோதலைத் தாங்காது. எனவே, தேசிய நெடுஞ்சாலையில் உடைந்த முனையையோ கழன்ற தகட்டையோ கண்டால், வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின் 1033 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

விபத்தைக் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். உடலில் இரும்புத் துண்டு குத்தியிருந்தால் அதனைப் பிடுங்காதீர்கள். குருதிப்பெருக்கை அதுவே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அது அசையாதபடி சுற்றிலும் துணியை வைத்துத் தாங்குங்கள். தீப்பற்றுதல் போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில், கழுத்தும் முதுகும் அசையாமலிருக்க, அடிபட்டவரை அதே நிலையில் விட்டு உதவிக்குக் காத்திருங்கள். உதவி செய்பவரைப் பெயர் கூறுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. ஆகவே தயக்கம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் நிகழும் சாலை விபத்துகளில் காயமுற்றோருக்கு, முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் கட்டணமின்றி வழங்குகிறது. இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் இதனைப் பெறலாம். செலவை எண்ணி ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.