நோயுற்ற குஞ்சுக்குச் சூடே முதல் மருந்து

தாய்க்கோழிக்குப் பின்னால் ஓடித் திரிந்த குஞ்சு பின்தங்கி, சிறகைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடித் தூங்கி விழத் தொடங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் வழமையாக இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, வாயைத் திறந்து குறுணல் ஊட்டுவார்கள். மற்றது, மனிதருக்கு வாங்கி மிஞ்சிய ரெட்ராசைக்கிளின் குளிசையைக் கரைத்துப் பருக்குவார்கள். இரண்டும் குஞ்சின்மேல் உள்ள இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் அதற்கு முதலில் வேண்டியது சூடு. வளர்ந்த கோழியின் உடல் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸில் இருக்கும். புதிதாய்ப் பொரிந்த குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளும் வல்லமை இல்லை. முதற் கிழமையில் அதைச் சுற்றி 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். உடல் குளிர்ந்தால் குடலின் அசைவு மந்தமாகும். அந்த நிலையில் ஊட்டிய இரை தீன்பையிலேயே கிடந்து புளித்துப்போகும்.

‘எங்கள் ஊர் வெக்கைக்குச் சூடு வேறு வேண்டுமா?’ என்று கேட்கலாம். பங்குனி, சித்திரை வெயிலுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். மாரியில் வாடைக்காற்று வீசும் இரவுகளில் வெப்பநிலை 25 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். நனைந்த குஞ்சுக்கு அது கொடுங்குளிர். தாயின் செட்டைக்குள் இருந்தால் போதாதா என்றால், நலமான குஞ்சுக்குப் போதும். தாயோ இரை தேடி நடந்துகொண்டே இருக்கும். பின்தொடர முடியாத குஞ்சு வெளியில் நின்றுவிடும். அதை எடுத்து, ஒரு கடகத்தில் உலர்ந்த சாக்கோ துணியோ விரித்து விடுங்கள். இன்றைய எல்ஈடி மின்குமிழ் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது; பழைய இழைக்குமிழ் வேண்டும், இல்லையேல் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைக்கலாம். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். சூடு கூடினால் குஞ்சு தானே விலகிக்கொள்ளும். ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும்.

உடல் சூடேறிய பிறகு நீர். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி சீனி போதும். உப்பைக் கண்மதிப்பில் போடாதீர்கள், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் பின்புறத்திலேயே திறந்திருப்பதால், வாய்க்குள் ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகக்கூடும். அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது விழுங்கிய பிறகே அடுத்த துளி.

இதுவரை மருந்தைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் உண்டு: நோய் எதுவென்று அறிந்த பிறகே மருந்து. மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சு ஈரத்தரையில் நின்று இரத்தமாகக் கழிந்தால், பெரும்பாலும் அது ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் வேலை. அதற்கு அம்ப்ரோலியம் என்ற மருந்து உண்டு. ரெட்ராசைக்கிளினை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. அம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் விற்றமின் பி1 சேர்ந்த சத்து மருந்தையும் நிறுத்த வேண்டும். அந்த ஒட்டுண்ணிக்குத் தேவையான பி1ஐத் தடுத்துத்தான் இம்மருந்து வேலை செய்கிறது.

வீட்டுப் பராமரிப்புக்கும் எல்லை உண்டு. கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, வாய் பிளந்து மூச்சுவாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் விழுந்தால் அது ராணிக்கெட்டாக இருக்கலாம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்ட இந்த வைரசு நோயைக் குணப்படுத்த இன்றுவரை மருந்தில்லை; தடுப்பு மருந்துதான் உண்டு. ‘சாகிற கோழியை அறுத்தால் கறிக்காவது ஆகும்’ என்பது இழப்பைத் தாங்கமுடியாத ஏழை வீட்டின் நியாயம். அதை இகழ நான் தயாரில்லை. ஆனால் வேலிக்கு வெளியே எறிந்த குடலும் செட்டையும் அடுத்த வளவுக் கோழிகளுக்கும் நோயைக் கொண்டுபோகும். இறந்தவற்றை ஆழப் புதைத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். தடுப்பு மருந்து கொடுத்த பின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு கிழமை வரை செல்லும். ஆகவே மாரி தொடங்க முன், புரட்டாதியிலேயே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, அயல்வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள்.