கம்ப்யூட்டர் போனால் இ-மெயிலும் போய்விடுமா?

சென்ற மே மாதக் கடைசியில் குற்றாலத்திலிருந்து மாமா போன் செய்தார். அங்கே சிறிய லாட்ஜ் நடத்துகிறார். "மாப்ளே, நேத்து இடி இடிச்சதுல இருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகல. சீசன் வரப்போகுது. பார்ட்டிங்க அட்ரஸ், மெயில் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு!"

தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கருகியிருந்தது. ஆனால் தகவல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அது தனிப் பாகம். பெரும்பாலும் தப்பித்துவிடும்.

நீங்கள் பிரௌசரில் ஜிமெயில் பார்ப்பவர் என்றால் கவலையே இல்லை. எல்லாம் சர்வரில் இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் லாக்-இன் செய்தால் போதும். மாமாவோ தண்டர்பேர்டில் பாப் முறையில் மெயில்களை இறக்கி வந்தார். இம்முறையில் செட்டிங்கைப் பொறுத்து சர்வரில் உள்ள பிரதி அழிக்கப்படலாம். அப்போது டிஸ்க்கில் உள்ளதுதான் ஒரே பிரதி.

நான் செய்தது இதுதான்:

1. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி அடாப்டர் மூலம் என் லேப்டாப்பில் இணைத்தேன். டெஸ்க்டாப்பில் உள்ள பெரிய டிஸ்க்குக்குத் தனி பவர் அடாப்டரும் தேவை.

2. 'பார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்கவே கூடாது. 'டிக் டிக்' எனச் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுங்கள்.

3. வியூ மெனுவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்துவிட்டு, யூசர்ஸ் – பயனர் பெயர் – ஆப்டேட்டா – ரோமிங் – தண்டர்பேர்ட் – புரொஃபைல்ஸ் எனச் சென்றேன். அங்கிருந்த போல்டரை முழுதாகக் காப்பி செய்தேன். மெயில்கள், முகவரிகள் இரண்டும் இதற்குள்தான் இருக்கும்.

4. புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் நிறுவி, டூல்ஸ் – இம்போர்ட்டில் அந்த போல்டரைக் காட்டினேன்.

மெயில்கள் வரிசையாக வந்து நின்றன. மாமா முகவரிப் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, "மதுரை பார்ட்டி இருக்காரு மாப்ளே!" என்றார்.

அவுட்லுக் பயன்படுத்துவோர் பி.எஸ்.டி. என முடியும் பைலைத் தேட வேண்டும். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெக்கவரி கீ இல்லாமல் திறக்காது. அதை இப்போதே எழுதி வையுங்கள்.

இப்போது மாமா வாரம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த போல்டரை பென்டிரைவில் காப்பி செய்கிறார். இடி இடித்தால் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறார். நீங்களும் இன்றே தொடங்குங்கள்!