பூவா தலையா போட்ட சிறுமி

மேசை நடுவில் உயரமான ஒரு தடுப்பு. அதன் அடியில் இரண்டு ஓட்டைகள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் இரு கைகளையும் ஓட்டைகள் வழியே நீட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து வைக்கிறார். எட்டிப் பார்த்துவிடக் கூடாதல்லவா, கைகள் மேல் ஒரு துண்டும் போட்டாயிற்று. இந்தப் பக்கம் எமிலி ரோசா, வயது 9. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்க்கிறாள். விழுந்தபடி, அவருடைய ஒரு கைக்கு மேலே 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் தன் கையைப் பிடிக்கிறாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

இது 1996இல் அமெரிக்காவின் கொலராடோவில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எமிலி செய்தது. அவள் சோதித்த சிகிச்சையின் பெயர் தெரபியூட்டிக் டச். பெயரில்தான் தொடுதல், நோயாளியைத் தொடவே மாட்டார்கள். உடலுக்குச் சற்று மேலே கைகளை நகர்த்தி, உடலைச் சூழ்ந்திருப்பதாகச் சொல்லப்படும் ஆற்றல் புலத்தை உணர்ந்து, அதில் உள்ள கோளாறைச் சரிசெய்வார்களாம். 1970களில் இதை உருவாக்கியவர்கள் இருவர்: நியூயார்க் பல்கலைக்கழகச் செவிலியர் துறைப் பேராசிரியர் டொலோரஸ் கிரீகர், பின்னாளில் பிரம்மஞான சபையின் அமெரிக்கப் பிரிவுத் தலைவரான டோரா குன்ஸ். அந்தச் சபையின் உலகத் தலைமையகம் நம் அடையாறில்தான் இருக்கிறது. சிகிச்சைக்கு விளக்கம் தரக் கிரீகர் கையாண்ட சொல்லும் நமக்குப் பழக்கமானதுதான்: பிராணன்.

எமிலியின் முன் உட்கார்ந்தவர்கள் 21 பேர். சிலருக்கு இதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம். மொத்தம் 280 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலே பாதி சரியாக இருந்திருக்கும்! முன்பு பிடித்த கையின் ‘தடம்’ அங்கேயே தங்கிவிட்டது என்றார்கள் சிலர். இரண்டாம் சுற்றில் எமிலியின் எந்தக் கையில் ஆற்றல் அதிகமோ அதை அவர்களே முதலில் உணர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என விட்டார்கள். மதிப்பெண் இன்னும் குறைந்தது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தபோது எமிலிக்கு வயது 11.

‘நோய் குணமாகிறதா?’ என்று அவள் கேட்கவில்லை என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். குணமாவதற்கு மருந்து, ஓய்வு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் ஆறுதல் என்று நூறு காரணம் உண்டு. அவள் கேட்டது அதற்கு முந்தைய கேள்வி: கைக்குத் தெரிகிறதா? தெரியாத ஒன்றை எப்படிச் சரிசெய்வது?

பெரியவர்கள் பெரிய கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: பிறர் வேண்டிக்கொண்டால் நோயாளிக்குப் பலன் உண்டா? ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 6 மருத்துவமனைகளில் 1,802 பைபாஸ் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. செலவு 24 லட்சம் டாலர். முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுவினர், நோயாளியின் முதல் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு 14 நாள் வேண்டினார்கள். தங்களுக்காக வேண்டுகிறார்களா என்று தெரியாத இரு பிரிவினரில், வேண்டுதல் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், பெறாதவர்களில் 51. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவிலோ 59! ‘ஜெபக் குழுவைக் கூப்பிடும் அளவுக்கா நம் நிலைமை மோசம்?’ என்ற பயமாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம்.

இந்த ஆய்வில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. ஆபரேஷன் என்றால் மனைவியும் மக்களும் வேண்டாமலா இருப்பார்கள்? அவர்களை எந்த ஆய்வாளராலும் தடுக்க முடியாது. ஆகவே இது வேண்டுதலுக்கும் வேண்டாமைக்குமான போட்டியே அல்ல. முகம் தெரியாதவர்களின் கூடுதல் வேண்டுதலுக்கு வைத்த தேர்வு மட்டுமே. அந்தத் தேர்வில் அது தேறவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இப்படிப்பட்ட 10 ஆய்வுகளை, 7,646 நோயாளிகளின் விவரங்களோடு, 2009இல் அலசியது. இனி இதற்குச் செலவிடும் பணத்தை வேறு மருத்துவக் கேள்விகளுக்குச் செலவிடலாம் என்பதே அதன் தீர்ப்பு.